ஆறாவது அட்டவணையில் ஒரு எட்டு

என் கலாவுக்கு,

நாளையோடு நீ போய் ஓராண்டு. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே நான்கு வரிக் கவிதையும் குடும்பத்தார் பெயர்களுமாக ஒரு நினைவஞ்சலி கொடுக்கலாம் என்று நம் மகள் மாலினி சொன்னாள். போனேன். விளம்பரப் பகுதியில் இருந்தவர் ஏழெட்டுக் கவிதைகளை ஆயத்தமாக எடுத்து வைத்தார். "எதுனாலும் எடுத்துக்கங்க சார். எல்லாமே அம்மாவுக்கும் பொருந்தும், மனைவிக்கும் பொருந்தும்" என்றார். படித்துப் பார்த்தேன். ஒன்றிலும் நீ இல்லை. கடிதமாக எழுதித் தருகிறேனே என்றேன். ஞாயிறு பதிப்பில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, உனக்கு எழுதுவதை ஊரே படிக்கப்போகிறது. அதுவும் நல்லதுதான். உன்னிடம் சொல்லாமலே விட்ட ஒன்று இதில் வருகிறது. நாலு பேர் கேட்கச் சொன்னால்தான் நான் பின்வாங்காமல் இருப்பேன். என்னை உனக்குத் தெரியாதா?

வீட்டுச் செய்தி முதலில். மாலினி பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் சேர்ந்துவிட்டாள். கணிதம்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், உன்னைப் போலவே. உன் காரை விற்கவில்லை. அவள் ஓட்டிப் பழகுகிறாள், ஜெலுத்தோங் தெருக்காரர்கள் எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். நான் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். ரசம் என்று நான்தான் சொல்கிறேன், மாலினி வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். படிக்கிறவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ புக்கிட் தெங்காவில் மிஸ்டர் லிம்மின் கம்பெனிக்குப் போன புதிதில், அங்கே மொத்தம் பதினொரு பேர். ஒரு சின்னப் பெட்டி செய்தீர்கள். ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்று கிளினிக்குகளுக்கு முடிவுகளைத் தொலைபேசி வழியாக அனுப்பும். நடுவில் யாரும் படித்துவிடாதபடி இந்தப் பக்கம் ஒரு பெட்டி எழுத்துகளைக் கலைத்துப் பூட்டும், அந்தப் பக்கம் ஒரு பெட்டி திறந்து அடுக்கும். பூட்டும் வித்தைக்கு வேண்டிய கணினி நிரலை நீ எழுதவில்லை. வெளிநாட்டில் யாரோ எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருந்தார்.

"சும்மாவா?" என்று நான் கேட்டேன்.

"சும்மாதாங்க."

"இருபது வருஷமா வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன். சும்மா குடுக்கிற பத்திரத்தை நான் பார்த்ததே இல்ல."

"உங்க ஆபீஸ்ல அப்படித்தான் லா. எங்க உலகம் வேற" என்று சிரித்தாய்.

மெல்பர்னில் இருந்த உன் கல்லூரித் தோழி அந்த நிரலை ஐந்து ஃப்ளாப்பி நெகிழ்தட்டுகளில் பதிந்து தபாலில் அனுப்பினாள். நான்கு நன்றாக இருந்தன. ஐந்தாவதைக் கணினி கரகரவென்று கடித்துத் துப்பிவிட்டது. அதில்தான் எண் அட்டவணைகள் இருந்தன, எட்டு அட்டவணைகள், இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்து எழுதிய எண்கள் பக்கம் பக்கமாக. மறுபடி தபாலில் வர இரண்டு வாரமாகும். மிஸ்டர் லிம் புதன்கிழமை பெட்டியைக் காட்டியே ஆகவேண்டும் என்றார். உன் தோழி அந்தப் பக்கங்களை மட்டும் அச்செடுத்து, பீச் ஸ்ட்ரீட்டில் நான் வேலைசெய்யும் அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினாள். வழுவழுப்பான தாள், சுருண்டு சுருண்டு வந்தது.

வாசித்துக் காட்டும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். நகல் பத்திரத்தை மூலத்தோடு ஒப்பிட்டு வாசிப்பதுதானே என் பிழைப்பு? ஒரு காற்புள்ளி விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிப்பவன் என்று எனக்கு ஆபீஸில் பெயர். அந்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நீ கணினியோடு உட்கார்ந்தாய், நான் எதிரே ஃபேக்ஸ் தாளை நீவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கோசோங், எட்டு, கோசோங், டி, நாலு, கோசோங்..."

"சைபர்னு சொல்லுங்களேன். கோசோங் கோசோங்னா எனக்குச் சிரிப்பு வருது, கை தடுமாறுது."

"எங்க ஆபீஸ்ல கோசோங்தான். வேணும்னா நீ சிரிச்சுக்கிட்டே அடி."

வெளியே நல்ல மழை. மாலினி வந்து நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன ரெண்டு பேரும் டெலிபோன் புத்தகம் படிக்கிறீங்களா?" என்று கேட்டுப் போனாள். கல்யாணமான பதினைந்து வருடத்தில் உன் வேலையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தை நான் உன்னிடம் சொன்னேனா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆறாவது அட்டவணையின் கீழிருந்து மூன்றாவது வரி. அதன் கடைசி எழுத்து மங்கிக் கலைந்திருந்தது. எட்டாகவும் இருக்கலாம், ஆங்கில எழுத்து பி-யாகவும் இருக்கலாம். வாசிப்பதை நிறுத்தினேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்?" என்றாய். மூன்று மணி நேரமாக ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்துக்கொண்டு வந்தவன் நான். "தெரியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாள் உன் தோழிக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பாய். நான் "எட்டு" என்றேன்.

உன் தோழி சரிபார்க்க மூன்று மாதிரிகளும் அனுப்பியிருந்தாள். மூன்றும் பொருந்தின. புதன்கிழமை பெட்டி வேலை செய்தது. மிஸ்டர் லிம் எல்லோருக்கும் சார் குவே தியாவ் நூடுல்ஸ் வாங்கிக்கொடுத்தார். பெட்டிகள் பட்டர்வொர்த், ஜுரு, அலோர் ஸ்டார் என்று கிளினிக் கிளினிக்காகப் போயின.

ஒரு வருடம் கழித்து, கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி தங்கள் கணினியையே உங்கள் பெட்டியோடு பேசவைக்கக் கேட்டது. அவர்களிடமும் அதே நிரல்தான், வெளிநாட்டிலிருந்து நேரே வந்தது. அங்கேதான் குட்டு உடைந்தது. போய்ச் சேர்ந்த அறிக்கையில் பெரும்பாலும் எல்லாம் சரியாக இருந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாக எட்டெட்டு எழுத்து மட்டும் குப்பையாக இருந்தது.

மூன்று நாள் தேடினாய். நான்காம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு தாளை என் முன்னால் வைத்தாய்.

"இங்க பாருங்க. ஆறாவது அட்டவணை. பி வரவேண்டிய இடத்துல எட்டு இருக்கு."

நான் தாளைப் பார்த்தேன். "அப்ப ஒரு வருஷமா எப்படி ஓடுச்சு?"

"நம்ம பெட்டி எல்லாத்துலயும் அதே தப்பு இருக்குல்ல? பூட்டுற பெட்டியும் தப்பு, திறக்குற பெட்டியும் தப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு இருந்தா, தப்பு இருக்கிறதே தெரியாதுங்க. அந்த மூணு மாதிரியும் இந்த நம்பரைத் தொடவே இல்ல, அதான் தப்பிச்சிருச்சு." பெருமூச்சு விட்டாய். "நான்தான் அசதியில தப்பா அடிச்சிருப்பேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும் கலா. "பசிக்குதா?" என்று கேட்டேன்.

மறுநாள் மிஸ்டர் லிம்மிடம் நீயே போய், தவறு உன்னுடையது என்று சொன்னாய். அவர் கத்தவில்லை என்று வந்து சொன்னாய். முகம் மட்டும் சுருங்கிப்போனதாம். விற்ற பெட்டிகளில் நிரல் பதிந்திருக்கும் சில்லுகளை வெளியிலிருந்து யாரும் திறந்து படிக்கமுடியாதபடி பூட்டித்தான் அனுப்பியிருந்தீர்கள். எல்லாவற்றையும் திரும்ப வாங்கி மாற்றினால் கம்பெனியையே மூடவேண்டியதுதான். ரகசியம் காக்கும் வேலையில் அந்த ஒரு எண்ணால் பெரிய பழுது வராது என்று நீ பார்த்துச் சொன்ன பிறகு, அவர் முடிவு செய்தார். கோலாலம்பூருக்குச் சரியான நிரல். பழைய பெட்டிகளுக்குத் தவறோடு கூடிய நம் நிரல். வெளியில் யாரிடமும் பேச்சு இல்லை.

அன்றிலிருந்து அது உன் தலையில் விழுந்தது. வெளிநாட்டு நிரல் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிதாக வெளிவரும். ஒரு ஓட்டையை அடைத்திருப்பார்கள், ஒன்றைச் சீர்செய்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் வரிவரியாகப் பார்த்து, வேண்டியதை எடுத்து நம் நிரலில் சேர்த்து, அந்த எட்டை மட்டும் எட்டாகவே வைத்திருக்கவேண்டும். மரத்தின் ஒரு கிளையை வெட்டி வந்து தனியாக நட்டதுபோல என்பாய். தாய்மரத்தில் துளிர்ப்பதையெல்லாம் இதில் ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பாய். நான் தலையை ஆட்டுவேன். நீ அலுத்துக்கொண்டு சனிக்கிழமையும் புக்கிட் தெங்காவுக்குக் கடல் பாலத்தில் கார் ஓட்டிப் போகும்போதெல்லாம், அந்த எட்டைச் சொல்லாமல் "பார்த்துப் போ" என்று மட்டும் சொல்வேன்.

அந்த வேலையை நீ வெறுக்கவில்லை என்பதும் உண்மை. சின்னச் சில்லுகளில் அந்த நிரல் வேகமாக ஓட ஒரு வழி கண்டுபிடித்தாய். இரண்டு மடங்கு வேகம் என்று குதித்தாய். அதை எழுதியவருக்கே திருப்பி அனுப்பவேண்டும் என்று ஆசைப்பட்டாய். மிஸ்டர் லிம் விடவில்லை. "நம்ம கண்டுபிடிச்சதை எதுக்கு ஊருக்குச் சும்மா குடுக்கணும்?" என்றாராம். "நாம அவர்கிட்ட சும்மாதானே எடுத்தோம்?" என்று நீ கேட்டாயாம். இரண்டு முறை கேட்டாய். மூன்றாவது முறை கேட்க உனக்கு நாள் இருக்கவில்லை.

வயிற்றுவலி என்று ஆரம்பித்தது. ஐந்தே மாதம். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், நீ விழித்திருந்தபோது, சொல்லிவிடலாம் என்று உன் கையைப் பிடித்தேன். "என்னங்க?" என்றாய். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். பத்திரம் வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வரியைச் சொல்லத் தெரியவில்லை.

நீ போன நான்காம் மாதம், காலை பதினொரு மணிக்கு என் அலுவலகத்துக்குப் போன் வந்தது. உன் இடத்துக்கு வந்த சரவணன். ஜுருக்காரர், முப்பது வயதிருக்கும், உன்னைப் பார்த்ததே இல்லை.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க, ஆபீஸ் நேரத்துல கூப்பிடுறேன். அக்கா ஏதாச்சும் நோட்டு வெச்சிட்டுப் போயிருக்காங்களா? வேலை சம்பந்தமா?"

"ஏன் தம்பி?"

"பெரிய சிக்கல்ணே. புது நிரல் வந்துச்சு, அட்டவணை ஃபைலை அப்படியே மாத்திட்டேன். அதுல அக்கா ஒரு குறிப்பு எழுதியிருந்தாங்க, 'இது தவறு, தவறாகவே விடவும்'னு. எதுன்னு எழுதல. யாரோ விளையாட்டா எழுதினதுன்னு நெனச்சிட்டேன். பரிசோதனைக்கூடத்துப் பெட்டிக்குப் புதுச் சில்லு போட்டு அனுப்பிட்டோம். இப்ப கிளினிக்குக்குப் போற ரிப்போர்ட் எல்லாம் ஓட்டை ஓட்டையா போகுது. ஜுரு கிளினிக்ல இருந்து ஒரு நர்ஸ் மிஸ்ஸி போன் பண்ணாங்க. ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணோட ரத்த வகை எழுதியிருக்கிற இடமே குப்பையா இருக்காம். நல்லவேளை அவங்க கவனிச்சாங்க."

"பழைய நிரல் இல்லையா?"

"பழைய ஃபைல் மேலேயே புதுசைப் போட்டுட்டேன், கழட்டின சில்லையும் அழிச்சாச்சு, அக்காவோட கம்ப்யூட்டரைத் துடைச்சு வேற பிரிவுக்குக் குடுத்துட்டாங்கண்ணே. எந்த நம்பர்னு மிஸ்டர் லிம்முக்கும் தெரியல. ஒவ்வொரு நம்பரா மாத்திப் போட்டுத் தேடலாம், ஆனா நாளாகும். அதுவரைக்கும் கூடத்துக்காரங்க ரிப்போர்ட்டை ஆள் வெச்சுக் குடுத்துவிடுறாங்க. அலோர் ஸ்டாருக்கெல்லாம் எப்படிப் போறது?"

ஏன் எதை என்று எழுதாமல் விட்டாய்? வெளியில் பேச்சு வேண்டாம் என்று லிம் சொன்னதற்காகவா? கேட்க நீ இல்லை. நான் பெரிய வக்கீலிடம் அரைநாள் விடுப்பு கேட்டுக்கொண்டு பேருந்து ஏறினேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நேரில் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

உன் மேசையை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். சரவணன் எழுந்து அந்த நாற்காலியை எனக்குத் தந்தார்.

"நோட்டு இருக்காண்ணே?"

"நோட்டு வேணாம் தம்பி. ஆறாவது அட்டவணை. கீழேயிருந்து மூணாவது வரி. கடைசியில பி இருக்கா?"

அவர் தேடிப் பார்த்தார். "இருக்குண்ணே."

"அதை எட்டாக்குங்க."

விரல்கள் விசைப்பலகை மேலேயே நிற்க, என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்களும் இந்த வேலையா?"

"இல்ல தம்பி. நான் வக்கீல் ஆபீஸ் கிளார்க். கலா அடிச்சா, நான் வாசிச்சேன். ஃபேக்ஸ்ல சரியா தெரியல. தெரியலன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு எட்டுன்னு சொல்லிட்டேன். அவ தன்னோட தப்புன்னே நெனச்சிட்டுப் போய்ட்டா."

உன்னிடம் ஐந்து வருடமாகச் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். சரவணன் உள்ளே போய், கண்ணாடித் தம்ளரில் மைலோ கலக்கிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வேலையைப் பார்த்தார். மூன்று மணிக்குப் புதுச் சில்லை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்கு ஓடினார். ஐந்து மணிக்கு ஜுருவிலிருந்து அந்த மிஸ்ஸி கூப்பிட்டார். "இப்ப எல்லாம் சுத்தமா வருதுங்க. என்ன பண்ணீங்க?"

"ஒரு தப்பைத் திரும்பப் போட்டோம்" என்றார் சரவணன். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ!

அடுத்த வாரம் மிஸ்டர் லிம் ஆரஞ்சுப் பழக் கூடையோடு நம் வீட்டுக்கு வந்தார். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவாரே, அதை நான் தமிழில் எழுதுகிறேன். உன் படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். உட்கார்ந்து, "என்ன உதவி வேணும் சொல்லு. மகள் படிப்பா? எதுனாலும் கேளு" என்றார்.

"கலா அந்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்ப நெனச்சாளே, அதை அனுப்பணும். அவ பேர்ல."

அவர் கையிலிருந்த பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். "என்னோட ரெண்டு தடவை சண்டை போட்டா, தெரியுமா? இதே விஷயத்துக்கு."

"தெரியும்."

"நான் பிடிவாதக்காரன். அவ என்னைவிடப் பிடிவாதக்காரி லா." எழுந்தார். "சரவணன்கிட்ட சொல்றேன். அனுப்பட்டும்."

அவரிடமும் அன்றே உண்மையைச் சொன்னேன், தவறு என்னுடையது என்று. அவர், "அவ தப்பா அடிக்கிற ஆள் இல்லன்னு எனக்கு அப்பவே ஒரு இது இருந்துச்சு" என்றார். கலா, அவருக்கே தோன்றியிருக்கிறதே. அத்தனை பக்கங்களில் ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தவளுக்கு, அந்த ஒன்று மட்டும் எப்படிப் பிசகியது என்று தோன்றாமலா இருந்திருக்கும்? நான் அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தியது உனக்குத் தெரிந்ததுதானே? தெரிந்தேதான் உன் தலையில் போட்டுக்கொண்டாயா? இதற்கு நான் பதில் தேடப்போவதில்லை. எந்தப் பதில் வந்தாலும் என்னால் தாங்கமுடியாது.

நீ வேகப்படுத்திய பகுதியைச் சரவணன் பொறுக்கி எடுத்து ஒழுங்கு செய்ய மாதக்கணக்கானது. உன் எழுத்து அவருக்குப் பழகவேண்டியிருந்தது. முதல் வரியில் 'எழுதியவர்: கலாவதி சிவநேசன்' என்று போட்டார். வேறொன்றும் சேர்க்காமல் கம்பெனியிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பினார்.

போன வாரம் பதில் வந்தது. சரவணன் அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். 'அன்புள்ள கலாவதி' என்று ஆரம்பிக்கிறது. மிக நேர்த்தியான வேலை என்கிறார் அந்த மனிதர். அடுத்த வெளியீட்டில் சேர்க்கிறாராம், பங்களித்தவர்கள் பட்டியலில் உன் பெயரும் வருமாம். அத்தோடு விடவில்லை. இன்னொரு பகுதி சின்னச் சில்லுகளில் மிக மெதுவாக ஓடுகிறது, நீங்கள்தான் அதற்குச் சரியான ஆள் என்று நினைக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பார்க்கமுடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"நான் பதில் போட்டுடவாண்ணே?" என்றார் சரவணன். "வேணாம், நானே எழுதுறேன்" என்றேன். ஒரு வாரமாகிறது, இன்னும் எழுதவில்லை. தாளை எடுக்கிறேன், படிக்கிறேன், மடித்து வைக்கிறேன். உனக்கு நேரம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு உலகத்தில் ஒரு மனிதர் இருக்கிறார் கலா. அவர் இருக்கும் ஊரில் நீ இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாய். என் ஒரு வரி போய்ச் சேர்ந்தால் அங்கேயும் நீ இருக்கமாட்டாய். அந்த வரியை நான் எப்படி எழுதுவேன்?

ஆனாலும் எழுதுவேன். நாளை உன் திதி முடிந்ததும் உட்கார்ந்து எழுதிவிடுவேன். என் மனைவியால் இனிப் பார்க்கமுடியாது என்று சொல்வேன். நீங்கள் கொடுத்ததை அவள் எத்தனை வருடம் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று சொல்வேன். அவளிடம் தவறு ஏதும் இல்லை, நடந்த தவறு என்னுடையது என்பதையும் சேர்த்தே சொல்வேன். இது சத்தியம்.

உன் கணவனும் மாலினியின் அப்பாவுமான
சிவநேசன்
ஜெலுத்தோங், பினாங்கு